இயற்கைத் தோட்டப் புத்தகங்கள்: வாங்கும்போதும் படிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது நாட்டு விதை எங்கே கிடைக்கும் என்று. அடுத்த கேள்வி, எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று. கோவைப் பக்கத்தில் பல ஆண்டுகளாகக் காய்கறி வளர்க்கிறேன். நல்ல புத்தகத்தை வாங்கி, அதில் உள்ளபடியே செய்து, தோட்டத்தைக் கெடுத்துக்கொண்டவர்களை ஒவ்வொரு பட்டத்திலும் பார்க்கிறேன். தொடக்கத்தில் நானும் செய்த தவறுகள்தான் இவை. தண்ணீர் அதிகம் ஊற்றுவது, நெருக்கி நடுவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எழுதியவரின் ஊரைப் பார்க்காமல் படிப்பது

எலியட் கோல்மன் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பயிர் செய்பவர். 1989ல் வந்த அவருடைய 'தி நியூ ஆர்கானிக் குரோயர்' அருமையான நூல். பயிர்ச் சுழற்சியைப் புரிந்துகொள்ள அதைப் படிக்கலாம். ஆனால் அங்கே விதைக்கும் நாளை முடிவு செய்வது உறைபனி. நமக்கு அதை முடிவு செய்வது மழையும் கோடை வெயிலும். 'வசந்தத்தில் நடவும்' என்று படித்துவிட்டு மார்ச் கடைசியில் தக்காளி நாற்று நட்டால், பூக்கிற நேரம் அக்கினி நட்சத்திரத்தில் வந்து விழும். பூவெல்லாம் உதிரும். ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று நம்மிடம் இருக்கும் கணக்கைத்தான் இதில் நம்ப வேண்டும்.

வெங்காயத்திலும் இதே சிக்கல் உண்டு. குளிர்நாட்டு ரகங்கள் பல, பகல் 14 மணி நேரத்துக்கு மேல் நீண்டால்தான் காய் பிடிக்கும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறத்தாழ 13 மணி நேரம்தான். அந்த விதையை வரவழைத்து நட்டால் தாள் மட்டும் செழிக்கும்.

படம் அழகாக இருக்கிறதென்று வாங்குவது

வேண்டாம்.

புத்தகம் சொன்னதென்று சுண்ணாம்பு போடுவது

இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இன்றுவரை எனக்கு ஆற்றாமையாக இருக்கும் தவறு இது.

இங்கிலாந்திலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் எழுதப்பட்ட தோட்டப் புத்தகங்களில், பாத்தி தயாரிக்கும் பகுதியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: சுண்ணாம்புத் தூள் தூவுங்கள், விறகுச் சாம்பல் போடுங்கள் என்று. அவர்கள் மண்ணுக்கு அது சரி. அங்கே அடிக்கடி பெய்யும் மழை மண்ணிலிருக்கும் கால்சியத்தைக் கரைத்து அடித்துக்கொண்டு போய்விடும்; மண் அமிலமாகும்; அதைச் சரிசெய்யச் சுண்ணாம்பு வேண்டும்.

கோவை மண் இதற்கு நேர்மாறு. மழை குறைவு, வெயில் அதிகம். கருமண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக் கட்டிகளான சுக்கான் கல் வரும். சிமெண்டுக்காக மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த மாவட்டம் இது. போர்வெல் தண்ணீரிலும் சுண்ணாம்பு உண்டு. வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் நாமே கொஞ்சம் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சூலூர்ப் பக்கம் ஒரு தம்பதி. வீட்டுக்குப் பின்னால் நல்ல இடம், நல்ல உழைப்பு. புத்தகத்தில் கோடு போட்டுப் படிப்பவர்கள். ஒவ்வோர் ஆண்டும் பாத்திக்குச் சுண்ணாம்பு, போதாததற்கு ஒரு ஓட்டலிலிருந்து மூட்டை மூட்டையாக விறகுச் சாம்பல். வெண்டையும் தட்டைப்பயறும் மஞ்சளாகிப்போயின. உரக்கடையில் தழைச்சத்து குறைவு என்றார்களாம். பஞ்சகவ்யம், மீன் அமிலம், மண்புழு உரம் என்று வாங்கி வாங்கி ஊற்றியிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தபோது கொழுந்து இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. "சுண்ணாம்பை நிறுத்துங்க" என்றேன். அந்தப் பெண், "அக்கா, புத்தகத்துலயே போட்டிருக்குங்களே" என்று பக்கத்தை எடுத்துக் காட்டினார். கடைசியில் மேல்மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, லாரியில் செம்மண் இறக்கினார்கள். அந்தப் பணத்தை நினைத்தால் இன்னமும் மனசு கேட்பதில்லை.

நடந்தது இதுதான். மண்ணின் காரத்தன்மை ஏற ஏற, அதிலிருக்கும் இரும்பை வேர் எடுக்க முடியாமல் போகும். மண்ணில் இரும்பு நிறைய இருந்தும் செடி பட்டினி கிடக்கும். தழைச்சத்துக் குறைவு என்றால் அடியிலிருக்கும் முற்றிய இலைதான் முதலில் பழுக்கும். இரும்புக் குறைவு கொழுந்தில் தெரியும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம். சந்தேகம் இருந்தால் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஒரு செடிக்கு மட்டும் மாலையில் தெளித்துப் பாருங்கள். சில நாட்களில் இலை பச்சை கட்டினால் குறை இரும்பில்தான். ஆனால் அது தற்காலிகம். சுண்ணாம்பையும் சாம்பலையும் நிறுத்தி, நன்றாக மக்கிய எருவும், தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாளும் தொடர்ந்து கொடுத்தால்தான் மண் மெல்லத் தேறும். முடிந்த அளவு மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள்.

எதையும் போடுவதற்கு முன் மண்ணைப் பார்த்துவிட வேண்டும். காய்ந்த மண் ஒரு பிடி எடுத்து வினிகரை விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது. சரியான கார அமில நிலை தெரிய வேண்டுமானால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். நீலகிரியிலோ கன்னியாகுமரி மாவட்டத்துச் செம்பொறை மண்ணிலோ இருப்பவர்களுக்குச் சுண்ணாம்பு தேவைப்படலாம். அதையும் பரிசோதனை சொல்லட்டும், புத்தகம் அல்ல.

காய்ந்த வைக்கோலைக் கனமாகப் போட்டு மறந்துவிடுவது

மண்ணை இப்படி மூடிவைக்கும் மூடாக்கு அவசியம்தான். ஆனால் குளிர்நாட்டுப் புத்தகத்தில் கரையானைப் பற்றிப் பேச்சே இருக்காது. நம் செம்மண்ணில் காய்ந்த வைக்கோலைப் பரப்பிவிட்டு ஈரம் காட்டாமல் விட்டால், கரையான் அதைத் தின்றுவிட்டுத் தண்டுக்கும் வரும். மெல்லிசாகப் போடுங்கள், பச்சைத் தழையும் கலந்து போடுங்கள், தண்டை ஒட்டிப் போடாதீர்கள்.

ஃபுகோகாவைப் படித்துவிட்டுச் சும்மா இருப்பது

ஜப்பானிய இயற்கை விவசாயி மசானபு ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' எல்லோரும் படிக்க வேண்டிய நூல். அதில் ஒரு பகுதியைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தை அப்படியே விட்டுப் பார்த்தபோது கிளைகள் பின்னிக்கொண்டு, பூச்சி விழுந்து, மரங்கள் பட்டுப்போனதை அவரே எழுதியிருக்கிறார். கைவிடுவது வேறு, இயற்கை வேளாண்மை வேறு என்று அவருக்குப் புரிந்தது அங்கேதான். கவாத்து செய்து பழக்கிய மரத்தைத் திடீரென்று விட்டுவிடக் கூடாது.

ஒரே மூச்சில் ஐந்து புத்தகம் வாங்குவது

ஒன்று போதும், ஓராண்டுக்கு.

அப்படியானால் எதை வாங்குவது?

பருவத்துக்கும் ரகத்துக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் கையேடுகளைப் பாருங்கள். அவற்றில் ரசாயன உர அளவும் இருக்கும். அதை விட்டுவிட்டு மாதத்தையும் இடைவெளியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எருவுக்கு ஆங்கிலேய வேளாண் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவர்டு. 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து அவர் உருவாக்கிய மட்கு முறை நம் வெயிலில் பிறந்தது. யஷ்வந்த் வாடுடன் சேர்ந்து 1931ல் எழுதிய நூலிலேயே அது விளக்கமாக இருக்கிறது. 1940ல் வந்த 'அன் அக்ரிகல்ச்சுரல் டெஸ்டமென்ட்' அதன் பின்னாலிருக்கும் சிந்தனையைச் சொல்லும். அந்த முறையிலும் சாம்பல் வரும். அது மக்கும் குவியலின் புளிப்பைத் தணிப்பதற்கு. பாத்தியில் கொட்டுவதற்கு அல்ல. வெயில் காலத்தில் ஈரம் காக்கக் குழியில் போடச் சொல்கிறார், மழைக்காலத்தில் நிலத்துக்கு மேலே குவிக்கச் சொல்கிறார். ஐப்பசியில் எரு தயாரிக்கத் தொடங்குகிறவர்கள் குழி வெட்ட வேண்டாம்.