மைஎஸ்க்யூஎல் நிறுவியாச்சு, உள்ளே நுழைய முடியவில்லையா?

மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் நிறுவல் ஒழுங்காக முடிந்திருக்கும். முழு அதிகாரமும் உள்ள ரூட் பயனராக நுழையப் போனால் அனுமதி இல்லை என்று வந்து நிற்கும். அவசரப்பட்டு மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். பழைய தரவுக் கோப்புறை அழியாமல் இருந்தால் அதே கணக்குகள், அதே சிக்கலோடு திரும்பி வரும்.

முதலில் பிழை எண்ணைப் பாருங்கள். 2002 அல்லது 2003 என்றால் கடவுச்சொல்லைப் பற்றிய பேச்சே இல்லை, பின்னணியில் ஓட வேண்டிய மைஎஸ்க்யூஎல் சர்வரையே எட்ட முடியவில்லை. சர்வீஸ் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடாவிட்டால் தொடங்குங்கள். வேறு கணினியிலிருந்து நுழைகிறீர்கள் என்றால் மைஎஸ்க்யூஎல் வழக்கமாகப் பயன்படுத்தும் 3306 போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

1045 வந்தால் சர்வர் ஓடுகிறது, உங்களைத்தான் ஏற்கவில்லை. அந்த வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ‘யூசிங் பாஸ்வேர்டு’ என்று இருக்கும். அதற்குப் பக்கத்தில் ‘நோ’ என்றால் கடவுச்சொல் போய்ச் சேரவே இல்லை. கட்டளையில், கடவுச்சொல்லைக் கேட்கச் சொல்லும் ‘ஹைஃபன் பி’ (-p) விட்டுப்போயிருக்கும். அந்த ‘பி’க்குப் பிறகு இடைவெளி விட்டுக் கடவுச்சொல்லைத் தட்டினாலும் தப்புதான், அதைத் தரவுத்தளத்தின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். ‘பி’யோடு நிறுத்தி எண்டர் தட்டுங்கள். கேட்கும்போது கொடுங்கள். தட்டும் எழுத்து திரையில் தெரியாது, பயப்பட வேண்டாம்.

உபுண்டு லினக்ஸில் பெரும்பாலும் 1698 வரும். அங்கே ரூட் கணக்கு கடவுச்சொல்லைப் பார்ப்பதில்லை, இயங்குதளத்திலும் நீங்கள் ரூட்தானா என்று பார்க்கிறது. கட்டளைக்கு முன்னால், அதை ரூட் அதிகாரத்தோடு இயக்கும் ‘சூடோ’ சேர்த்து மைஎஸ்க்யூஎல்லைத் திறங்கள், நுழைந்துவிடலாம். ரெட்ஹாட் வகை லினக்ஸில் மைஎஸ்க்யூஎல்லின் சொந்தத் தொகுப்பை நிறுவியிருந்தால், தற்காலிகக் கடவுச்சொல் ஒன்று சர்வரின் லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்பில் கிடக்கும். நுழைந்ததும் அதை மாற்றுங்கள், மாற்றாதவரை எந்தக் கட்டளைக்கும் 1820தான் பதில்.

சரி, உள்ளே போயாச்சு. உங்கள் செயலிக்கு ரூட்டைக் கொடுக்காதீர்கள், தனிக் கணக்கு உருவாக்குங்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மைஎஸ்க்யூஎல்லில் கணக்கு என்பது பெயர் மட்டுமல்ல; பெயரும், எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்ததே கணக்கு. ‘கடை’ என்ற பயனரை ‘லோக்கல்ஹோஸ்ட்’டுக்கு, அதாவது சர்வர் ஓடும் அதே கணினிக்கு மட்டும் உருவாக்கியிருந்தால், அதே பெயர், அதே கடவுச்சொல்லோடு இன்னொரு கணினியிலிருந்து வந்தாலும் அனுமதி இல்லைதான். அந்தக் கணினியின் ஐபி முகவரியோடு இன்னொரு கணக்கு வேண்டும். எல்லா இடத்தையும் குறிக்கும் சதவீதக் குறியைப் போடவும் முடியும், ஆனால் அவசியமில்லாமல் போடாதீர்கள்.

கணக்கு உருவானதும் உரிமை தானாக வராது. ‘கிராண்ட்’ கட்டளையால் அந்த ஒரு தரவுத்தளத்துக்கு மட்டும் உரிமை கொடுங்கள். கொடுக்காமல் அதைத் திறந்தால் 1044 வரும். அப்புறம் வெளியே வந்து, புதுப் பயனராக நுழைந்து, ‘ஷோ கிராண்ட்ஸ்’ தட்டிப் பாருங்கள். கொடுத்த உரிமை அதில் வரிவரியாகத் தெரியும்.