ஸ்ட்ராட்டேகோ: ஸ்கவுட்டை வீணாக்காதீர்கள்

எதிராளியின் காய் எது என்று தெரியாமலே ஆடும் பலகை விளையாட்டான ஸ்ட்ராட்டேகோவில், உங்கள் 40 காய்களில் 8 ஸ்கவுட்கள், அதாவது மதிப்புக் குறைந்த வேவுக்காய்கள். நேர்கோட்டில் வழி காலியாக இருந்தால் எத்தனை கட்டம் வேண்டுமானாலும் போகக்கூடியது அது மட்டும்தான். ஆனால் ஒரே முறையில் இரண்டு கட்டம் நகர்ந்தாலே அது ஸ்கவுட் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் ஒன்றிரண்டை மட்டும் ஒவ்வொரு கட்டமாக நகர்த்துங்கள். எதிராளியின் மேஜர் ஏற்கெனவே வெளிப்பட்டிருந்தால், அதை நோக்கித் தயங்காமல் போங்கள். வருவது மேஜரை வீழ்த்தக்கூடிய கர்னலோ ஜெனரலோ என்று பயந்து பெரும்பாலும் பின்வாங்குவார். துணிந்து அடித்தாலும் போவது ஒரு ஸ்கவுட்தான். தயக்கம் மட்டும் கூடாது. நீங்கள் யோசிக்கும் நேரத்தையும் அவர் கவனிப்பார்.

நகர்ந்த காய் வெடிகுண்டும் அல்ல, கொடியும் அல்ல. எனவே கடைசிவரை அசையாத காய்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஸ்கவுட்களை அதற்கென்றே மிச்சம் வையுங்கள். பலகை காலியானதும் அவை சட்டென்று பின்வரிசைக்குப் போய் மோதிப் பார்க்கும். வெடிகுண்டு என்றால் ஸ்கவுட் போய்விடும், சரி, அப்புறம் அங்கே வெடிகுண்டை அகற்றக்கூடிய மைனரை அனுப்பலாம். கொடியாக இருந்தால் அத்தோடு ஆட்டம் உங்களுடையது.