கடற்கரை ஊரில் பழைய கம்ப்யூட்டர்: ரிப்பேரா, அப்கிரேடா?

தங்கச்சிமடத்தில் மாமா வீட்டு டெஸ்க்டாப் போன மாதம் திடீரென்று படுத்துவிட்டது. பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டர் மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. ராமநாதபுரத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார், "போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள் (போர்டு என்றால் உள்ளே எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் பெரிய பலகை, மதர்போர்டு). "மாப்ளே, நீ ஒரு தடவை பாத்துரு, இல்லேன்னா காயலான் கடைக்குப் போட்டுருவோம்" என்றார். கடைக்காரர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. திறந்தே பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நம் பக்கம், அதாவது தொண்டியிலிருந்து ராமேஸ்வரம், கீழக்கரை, சாயல்குடி வரை, கம்ப்யூட்டருக்கு முதல் எதிரி வயது இல்லை, உப்புக்காற்றுதான். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் செம்பை அரிக்கும். அதனால் எந்த முடிவுக்கும் முன்னால் ஒருமுறை திறந்து துடைத்துவிடுங்கள்.

முதல் வேலை: துடைப்பது

பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடிய விடுங்கள். பின்னால் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் பக்கத்து மூடி வந்துவிடும் (எங்கள் பக்கம் அந்த ஸ்க்ரூவே துருப்பிடித்து இறுகியிருக்கும், ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள்). கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமின் (போர்டில் செங்குத்தாகச் செருகியிருக்கும் நீளமான நினைவகப் பட்டை) இரண்டு ஓரக் கிளிப்பையும் விலக்கி அதை நேராக மேலே எடுங்கள்.

மாமா கம்ப்யூட்டரில் ரேமின் பொன்னிறப் பற்கள் மேல் மங்கலாக ஒரு படலம், ஓரத்தில் இரண்டு இடத்தில் பச்சைக் களிம்பு, விளக்காமல் விட்ட குத்துவிளக்கில் பிடிக்குமே, அதே மாதிரி. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்தேன், தூளைப் பிரஷால் தட்டினேன், 'டக்' என்று கிளிப் விழும் வரை அழுத்தி மாட்டினேன். மானிட்டரில் வெளிச்சம் வந்துவிட்டது. போர்டு நன்றாகத்தான் இருந்தது.

தேதி அடிக்கடி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறதா? போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். 3 வோல்ட், சின்னச் செலவு. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் பிரிக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். சந்தேகம் வந்தால் வேறு ஒன்றை மாட்டிப் பாருங்கள்.

அடுத்தது: எந்தத் தலைமுறை?

கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் பெயரைப் பாருங்கள். ஐ5-4570 என்றால் முதல் எண் 4, நான்காம் தலைமுறை. இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு முறையான ஆதரவு, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்களுடையது எட்டோ அதற்கு மேலோ என்றால் தைரியமாகச் செலவு செய்யலாம். கீழே என்றால் கையைச் சுருக்கிச் செலவு செய்யுங்கள்.

அப்புறம் செலவு

நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான்: இன்று வாங்கும் பாகம் நாளைக்கு வாங்கப்போகும் கம்ப்யூட்டருக்கும் போகுமா? சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட்டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும், சுற்றும் பாகம் இல்லாத சேமிப்பகம்) போகும், அதனால் முதலில் அதுதான். பழைய ஹார்ட்டிஸ்க் விநாடிக்கு 100, 150 எம்பி படிக்கும், சாட்டா எஸ்எஸ்டி 500 வரை படிக்கும், ஆனால் உண்மையான வித்தியாசம் அந்த எண்ணில் இல்லை, ஹார்ட்டிஸ்க்கில் ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் ஊசி இங்கும் அங்கும் அலைய வேண்டும், எஸ்எஸ்டியில் அலைகிற வேலையே கிடையாது. மாற்றும் முன் ஹார்ட்டிஸ்க்கில் இருக்கும் போட்டோ, கணக்கு எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். ஹார்ட்டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் மஞ்சளில் எச்சரிக்கை காட்டினால் அன்றைக்கே எடுங்கள்.

பழைய வகையான டிடிஆர்3 ரேம் அடுத்த கம்ப்யூட்டருக்குப் போகாது, அதற்குப் பின் வந்த டிடிஆர்4 ஸ்லாட்டில் அதன் வெட்டு பொருந்தாது. 4 ஜிபிதான் இருக்கிறது என்றால் செகண்ட் ஹேண்டில் இன்னொரு 4 வாங்குங்கள், அதோடு நிறுத்துங்கள். போர்டில் சின்ன உருளை மாதிரி நிற்கும் கபாசிட்டரின் தலை உப்பியிருந்தாலோ, போர்டே உண்மையில் போயிருந்தாலோ, அதற்கு இனி ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். பழைய தலைமுறைக்கு வேறு போர்டு தேடினால் கிடைப்பதும் யாரோ கழித்துப் போட்டதாகத்தான் இருக்கும்.

மாமாவுடையதில் எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினேன். மீன்பிடி வலை, ஐஸ், டீசல் கணக்கெல்லாம் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளிலேயே ஓடுகிறது. விண்டோஸில் ஓடும் டேலி கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இது ஒத்துவராது, அவர்கள் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் பார்ப்பதே நல்லது.

கம்ப்யூட்டரைக் கடல் பக்கத்து ஜன்னலிலிருந்து நகர்த்தி, தரையிலிருந்து ஒரு முக்காலிக்கு ஏற்றி, தினமும் அரை மணி நேரமாவது ஓட விடச் சொன்னேன், அந்தச் சூட்டில் ஈரம் காயும். மறுநாள் போய்ப் பார்த்தால், உப்புக்காற்று படக்கூடாது என்று அத்தை அதை ஓடும்போதே பிளாஸ்டிக் கவரால் மூடி வைத்திருந்தார்.