பிரான்சில் குடும்ப வீட்டுக்கு வெந்நீர்த் தொட்டி: எத்தனை லிட்டர் வேண்டும்?

புதுச்சேரிக் குளியலறையில் தொங்கும் 15, 25 லிட்டர் கீசரை மனத்தில் வைத்துக்கொண்டு பிரான்சில் வீடு பார்க்காதீர்கள். முத்தியால்பேட்டையிலிருந்தும் லாஸ்பேட்டையிலிருந்தும் கிளம்பும் குடும்பங்கள் வாடகையைக் கேட்கின்றன, பள்ளிக்கூடத்தைக் கேட்கின்றன. வெந்நீரைப் பற்றிக் கேட்பவர் குறைவு. அங்கே குளிர்காலத்தில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வெந்நீர் தீர்ந்துபோனால் எவ்வளவு சங்கடம் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

முதல் காரணம், குழாயில் வரும் தண்ணீர். நம் மாடித் தொட்டித் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 25 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குக் காய்ந்ததை விளாவினால், 40 டிகிரியில் ஏறக்குறைய 65 லிட்டர் கிடைக்கும். பாரிஸ் பக்கம் குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 10 டிகிரிதான் என்றால், அதே கீசர் 40 லிட்டரோடு நின்றுவிடும்.

இரண்டாவது, காய்ச்சும் நேரம். இங்கே சுவிட்சைப் போட்டு ஒரு கால் மணி காத்திருப்போம். அங்கே 'பலோன்' எனப்படும் பெரிய தொட்டி, பல வீடுகளில் மின்கட்டணம் மலிவாக இருக்கும் 8 மணி நேரத்தில், பெரும்பாலும் இரவில், காய்ந்து முடிக்கும். காலையில் தொட்டியில் இருப்பதுதான் அன்றைய பொழுதுக்கு.

தலைக்கு 50 லிட்டர் என்பது பொதுக் கணக்கு. இருவருக்கு 100, நால்வருக்கு 200, ஐந்தாறு பேருக்கு 300. குளிர்காலத்தில் 200 லிட்டர் தொட்டி, விளாவிய பிறகு ஏறக்குறைய 330 லிட்டர் தரும். ஷவரில் நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால், வீடு மொத்தத்துக்கும் அரை மணி நேரம்தான். வாளியில் குளிக்கும் நால்வர் 150 லிட்டர் தொட்டியிலும் சமாளிக்கலாம். ஆனால் பிள்ளைகள் சீக்கிரமே ஷவருக்கு மாறிவிடுவார்கள். இப்போதைய பழக்கத்துக்கு அளவு பார்க்காமல், இரண்டு வருடம் கழித்து இருக்கப்போகும் பழக்கத்துக்குப் பாருங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீடு, ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து தங்கும் வீடு என்றால், நால்வருக்கு 250 வாங்குங்கள் என்றே சொல்வேன். அதற்காக இருவருக்கு 300 வேண்டாம். பயன்படாத சூடு நாள் முழுக்கக் கசிந்து வீணாகும்.

தீபாவளி விடியலில் எல்லோரும் தலைக்குக் குளிப்பீர்கள், கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்கு முன்பும் அப்படித்தான். மலிவு நேரத்தில் காயும் தொட்டி என்றால், மின்பெட்டியில் அதற்கென ஒரு சின்ன விசை இருக்கும். வழக்கமாக 'ஆட்டோ'வில் நிற்கும். அதைச் சில மணி நேரம் முன்பே 1-இல் வைத்துவிட்டால் உடனே காய ஆரம்பிக்கும். குளித்து முடித்ததும் மறக்காமல் 'ஆட்டோ'வுக்குத் திருப்பிவிடுங்கள்.

நிமிர்ந்து நிற்கும் தொட்டியே நல்லது. படுக்கை வசத்தில் வைப்பதில் பச்சைத் தண்ணீர் சீக்கிரம் கலந்துவிடும். 200 லிட்டர் தொட்டி நிறைந்தால் கால் டன் கனம், எனவே மெல்லிய தடுப்புச் சுவரில் மாட்டவே கூடாது. பாரிஸ் வட்டாரத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். சூடேற்றும் கம்பி தண்ணீரில் நேரடியாகப் படாமல் உறைக்குள் இருக்கும் 'ஸ்டேயாட்டிட்' வகைக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம்.

தொட்டிக்குக் கீழே இருக்கும் பாதுகாப்பு வால்வு, காயும்போது சொட்டும். தண்ணீர் சூட்டில் விரிவதால் அது இயல்பு. தயவுசெய்து அதை அடைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் ஆபத்து. மாதம் ஒருமுறை அதைத் திருகித் திறந்து மூடுங்கள், சுண்ணாம்பு கட்டாது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தெர்மோஸ்டாட்டை 55 டிகிரிக்குக் கீழே இறக்கவும் வேண்டாம், லெஜியோனெல்லா கிருமி வளரும். குழந்தையைக் குளிப்பாட்டும்போது முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்துவிட்டு, பிறகு வெந்நீரை விடுங்கள்.

வாடகை வீடு என்றால், பழசாகி உழைத்துத் தேய்ந்த தொட்டியை மாற்றிக் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. எத்தனை லிட்டர் என்பது தொட்டியின் மேல் ஒட்டிய தகட்டிலேயே இருக்கும். வீடு பார்க்கப் போகிற அன்றே தொட்டி இருக்கும் அலமாரியின் கதவைத் திறந்து அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சில அடுக்குமாடிகளில் கட்டடம் முழுவதற்கும் பொது வெந்நீர் வரும். அங்கே தொட்டியைத் தேட வேண்டாம், அதற்கான பணம் வாடகையோடு கட்டும் மாதச் செலவில் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.