மாடிஃபை செய்த காருக்கு முழு மதிப்பில் இன்ஷூரன்ஸ் எடுப்பது எப்படி?

போலோ ஜிடி, விர்டஸ் ஜிடி, ஆக்டேவியா விஆர்எஸ் போன்ற கார்களை வாங்கி, அதன்மேல் நாலைந்து லட்சம் செலவழித்து அலாய், பிரேக், சஸ்பென்ஷன், ஆடியோ என்று பார்த்துப் பார்த்து மாற்றியவர்கள்கூட, இன்ஷூரன்ஸை மட்டும் போனில் இரண்டு நிமிடத்தில் புதுப்பித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு நிமிடத்தில், போட்ட நாலைந்து லட்சமும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. இணையதளம் உங்கள் காரை ஷோரூமிலிருந்து வந்த அதே காராகத்தான் பார்க்கிறது. கார் திருடு போனாலோ உருக்குலைந்தாலோ, பாலிசி ஷெட்யூலில் (பாலிசியின் விவரப் பட்டியலில்) அச்சாகியிருக்கும் ஐடிவி, அதாவது காருக்கு அறிவித்த காப்பீட்டு மதிப்பு என்ற தொகைதான் கைக்கு வரும். அந்த எண்ணைச் சரியாக எழுத வைப்பதுதான் இங்கே வேலை.

ஐடிவி எப்படிப் போடப்படுகிறது

பாலிசி தொடங்கும் நாளில் அந்த மாடலுக்குக் கார் கம்பெனி வைத்திருக்கும் விலையிலிருந்து, காரின் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பார்கள். 6 மாதத்துக்குள் 5%, ஒரு வருடம் வரை 15%, 2 வருடம் வரை 20%, 3 வரை 30%, 4 வரை 40%, 5 வரை 50%. ஐந்து வருடம் தாண்டிய கார்களுக்கும், உற்பத்தி நின்றுபோன மாடல்களுக்கும் இந்தப் பட்டியல் கிடையாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியும் நீங்களும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான் ஐடிவி. இந்த விதி பலருக்குத் தெரிவதில்லை. போலோ 2022-ல் இந்தியாவில் நின்றுவிட்டது. 2017-ல் வந்த ஆக்டேவியா விஆர்எஸ்ஸுக்கு இன்று விலைப்பட்டியலே இல்லை. இப்படிப்பட்ட காருக்கு கம்ப்யூட்டர் காட்டும் எண் ஒரு தொடக்கம்தான், தீர்ப்பு அல்ல.

இன்னொரு விஷயமும் நமக்குச் சாதகமானது. வெளிநாடுகளில் முன்கூட்டியே மதிப்பை ஒப்புக்கொள்ளும் ‘அக்ரீட் வேல்யூ’ பாலிசிகள் உண்டு. மோட்டார் இன்ஷூரன்ஸுக்கான விதிகளும் விகிதங்களும் அடங்கிய இந்திய மோட்டார் டாரிஃபில் அந்தப் பெயரில் இருக்கும் ஷரத்து விண்டேஜ் கார்களுக்கு மட்டுமானது, அதாவது 1940-ம் ஆண்டு முடிவதற்குள் தயாரானவை. ஆனால் சாதாரண பாலிசியிலும், ஒருமுறை ஐடிவி எழுதப்பட்டால் அந்தப் பாலிசிக் காலம் முழுக்க அதுதான் காரின் சந்தை மதிப்பு; முழு இழப்பு கிளைமில் மேற்கொண்டு தேய்மானம் பிடிக்கக் கூடாது. ஆகவே பேரம் பேச வேண்டிய நேரம் பாலிசி எடுக்கும்போதுதான். விபத்துக்குப் பிறகு பேச எதுவும் மிஞ்சாது.

முதலில் சட்டத்தின் பக்கம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வந்தது. எனவே காரில் செய்த வேலைகளை இந்தக் கண்ணோடு பிரித்துப் பாருங்கள்.

ஆடியோ, சீட் கவர், டேஷ் கேம், அதே அளவு அலாய், கம்பெனியே மேல் வேரியன்டில் கொடுக்கும் அளவு டயர், பிரேக் பேடு, டிஸ்க் போன்றவற்றை இன்ஷூரன்ஸில் சேர்ப்பதில் பொதுவாகச் சிக்கல் வராது. நிறம் மாற்றுவது, இன்ஜின் மாற்றுவது, கேஸ் கிட் போடுவது எல்லாம் ஆர்.டி.ஓ. வழியாகப் போக வேண்டியவை; ஆர்.சி.யில் ஏறாமல் இன்ஷூரன்ஸில் மட்டும் ஏற்ற முடியாது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத டௌன்பைப் (டர்போவுக்கு அடுத்த புகைக்குழாய்), சைலன்சர் இல்லாத எக்ஸாஸ்ட் போன்றவற்றுக்கு எந்தக் கம்பெனியிடமும் மதிப்பு கேட்காதீர்கள். கேட்டாலும் கிடைக்காது, மற்ற கிளைமுக்கும் அது வினையாகும்.

நடுவில் நிற்பது ஈசியூ ரீமேப், அதாவது இன்ஜினை இயக்கும் கணினியின் மென்பொருளை மாற்றுவது. மறைக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் சர்வீஸ் சென்டர் கருவியை இணைத்தால், மாற்றிய மென்பொருள் பிடிபட்டு டிடி1 என்ற குறியீடு பதிவாக வாய்ப்புண்டு. இன்ஷூரன்ஸ் ஒப்பந்தம் முழு நம்பிக்கையின்மேல் நிற்பது. கேட்ட கேள்விக்கு மறைத்துப் பதில் சொன்னால் மொத்தக் கிளைமும் போகலாம். ரீமேப் செய்திருந்தால் எழுத்தில் சொல்லுங்கள். சில கம்பெனிகள் மறுக்கும், சில கூடுதல் பிரீமியம் கேட்கும். மறுத்தால் ஸ்டாக் மென்பொருளுக்குத் திரும்புவதா, வேறு கம்பெனியா என்று அப்போதே முடிவெடுக்கலாம். ரீமேப்பால் டர்போ போனால் எந்தப் பாலிசியும் தராது என்பதையும் நினைவில் வையுங்கள்; இயந்திரக் கோளாறு அடிப்படைப் பாலிசியிலேயே விலக்கு.

ஆதாரம் திரட்டுவது

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஜிஎஸ்டி பில் தேவை. பில்லில் ஆர்.சி.யில் உள்ள அதே பெயர், கார் நம்பர், பாகத்தின் பிராண்டு, பார்ட் நம்பர் இருக்கட்டும். ‘அலாய் செட் 1,60,000’ என்று ஒரே வரியில் கிறுக்கிய பில்லை சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) ஏற்பது கஷ்டம். கடைக்காரர் பழக்கமானவர் என்றால் வாங்கும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பாகமென்றால் சுங்கவரி கட்டிய ரசீதும் சேர வேண்டும். பழைய பாகம் வாங்கியவர்களிடம் பெரும்பாலும் பில் இருக்காது. அவற்றைச் சேர்ப்பது கடினம், அந்தத் தொகையை மனதளவில் தள்ளிவிடுங்கள்.

பிறகு போட்டோ. நம்பர் பிளேட்டும் பாகமும் ஒரே படத்துக்குள் வரும்படி ஒன்று, பாகத்தின்மேல் பொறித்த எண் தெரியும்படி நெருக்கமாக ஒன்று. டயரின் பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளுக்குப் பின்னால், வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. அலாயின் பின்பக்கத்தில் அகலமும் ஆஃப்செட்டும் வார்த்திருக்கும், ‘7.5ஜே’, ‘ஈடி45’ என்பது போல. சக்கரத்தைக் கழற்றி அந்த எழுத்தையும் எடுங்கள். விபத்துக்குப் பிறகு நொறுங்கிய சக்கரத்தில் அது தெரியாமலே போகலாம். எல்லாவற்றையும் உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வைத்தால் தேதிக்கும் சாட்சி கிடைக்கும்.

ஐந்து வருடம் தாண்டிய காருக்குக் கூடுதலாக இரண்டு வேண்டும்: அதே வருடம், அதே மாடல், ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய கார்களின் நாலைந்து விற்பனை விளம்பரங்களின் ஸ்கிரீன்ஷாட், ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கை. லைசென்ஸ் பெற்ற சர்வேயரிடமே வாங்கினால் பேச்சுக்கு எடை கூடும்.

கணக்கு

ஒரு உதாரணம் போடலாம். பட்டியல் விலை 20 லட்சம், வயது 2 வருடம் 4 மாதம், இன்ஜின் 1,498 சிசி. தேய்மானம் 30% போக ஐடிவி 14 லட்சம். அலாய், டயர், சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் சேர்த்து 4.5 லட்சம், ஆடியோ 1.5 லட்சம், பொருத்தி 8 மாதம் ஆகிறது. கார் கம்பெனியின் விலையில் அடங்காத பாகங்களுக்கும் இதே பட்டியல்தான். பொருத்திய தேதியிலிருந்து வயதைக் கணக்கிட வையுங்கள்: 15% கழித்தால் 3,82,500-ம் 1,27,500-ம் வரும். மொத்த ஐடிவி 19.1 லட்சம்.

இதற்கான கூடுதல் பிரீமியம் பயப்படும் அளவில் இல்லை. மின்சார, மின்னணுப் பொருள்களுக்குத் தனி என்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு சேரும் இணைப்பு ஷரத்து) உண்டு, அதன் எண் ஐஎம்டி 24. மதிப்பில் 4%, இங்கே 5,100 ரூபாய். மற்றவை காரின் சொந்தச் சேதத்துக்கான (ஓன் டேமேஜ்) பிரீமியம் விகிதத்திலேயே சேரும். பழைய டாரிஃபில் சென்னை பதிவு காருக்கு இந்த சிசி-யில் 3.283%, அதன்படி சுமார் 12,560. இரண்டும் 18% ஜிஎஸ்டியும் சேர்த்து ஏறக்குறைய 20,800 ரூபாய். இப்போது கம்பெனிகள் தரும் கழிவில் இது இன்னும் குறையும். 5.1 லட்சத்தைக் காப்பாற்ற இது நியாயமான விலை.

இந்த எண் முழு இழப்பில் மட்டும் உதவுவதில்லை. பழுது பார்க்கும் செலவு ஐடிவியில் 75% தாண்டினால் காரையே முழு இழப்பாக அறிவித்துவிடுவார்கள். ஐடிவி 14 லட்சமென்றால் அந்தக் கோடு 10.5 லட்சத்தில். 11 லட்சம் எஸ்டிமேட் வந்தால், சரி செய்யக்கூடிய கார் ஸ்கிராப்புக்குப் போகும்; பாலிசியில் ஏறாத பிரேக்கும் சஸ்பென்ஷனும் காரோடு சேர்ந்தே போய்விடும். 19.1 லட்சமென்றால் கோடு 14.3 லட்சத்துக்கு ஏறுகிறது, கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். பார்த்துப் பார்த்துக் கட்டிய காரை நேசிப்பவர்களுக்கு இதுதான் பெரிய காரணம்.

கம்பெனியிடம் போவது

பாலிசி முடிய 45 நாள் இருக்கும்போதே தொடங்குங்கள். ஆன்லைன் படிவத்தில் ‘எலக்ட்ரிகல்’, ‘நான்-எலக்ட்ரிகல்’ என்று இரண்டு கட்டம் இருந்தாலும் அதில் பெரிய தொகை போட்டால் பெரும்பாலும் ஏற்காது. கிளை அலுவலகத்துக்கோ புரோக்கருக்கோ மின்னஞ்சல் எழுதி, அண்டர்ரைட்டர் (பாலிசியை ஏற்பதா என்று முடிவெடுப்பவர்) பார்வைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பாகங்களின் அட்டவணை, பில், போட்டோ, உங்களுக்கு வேண்டிய ஐடிவி, அதற்கான கணக்கு எல்லாம் ஒரே மின்னஞ்சலில் இருக்கட்டும். காரை நேரில் பார்க்க ஆள் அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள். அவர்கள் எடுக்கும் போட்டோ பின்னால் உங்களுக்குச் சாட்சி.

ஏஜென்ட் போனில் ‘எல்லாம் கவர் ஆகும் சார்’ என்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பாலிசி வந்ததும் ஷெட்யூலின் முதல் பக்கத்தைத் திறங்கள். வாகனத்தின் ஐடிவி, நான்-எலக்ட்ரிகல், எலக்ட்ரிகல், மொத்தம் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். நான்-எலக்ட்ரிகல் கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் உங்கள் மின்னஞ்சலுக்கு யாரும் வேலை செய்யவில்லை என்று பொருள். அன்றே திருப்பி அனுப்பித் திருத்தி வாங்குங்கள். பாலிசி நடுவில் புதுப் பாகம் பொருத்தினால் அடுத்த ரினியூவல் வரை காத்திருக்க வேண்டாம். மீதி நாள்களுக்கு மட்டும் பிரீமியம் கட்டி என்டார்ஸ்மென்ட் வாங்கலாம்.

ஆட்-ஆன்களில், அதாவது கூடுதல் பிரீமியத்தில் சேர்க்கும் கவர்களில், தேய்மானம் பிடிக்காத ஜீரோ டெப் அவசியம். அது இல்லாவிட்டால் பகுதிச் சேதத்தில் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்குப் பாதி விலைதான். ஃபைபர்கிளாஸுக்கு 30% பிடிப்பார்கள், உலோகத்துக்கு வயதைப் பொறுத்து. பாலியூரித்தேன் புஷ்ஷையும் பிளாஸ்டிக் கணக்கில் தள்ளுவார்கள். கார்பன் ஃபைபர் பானெட் எந்த வகையில் வரும், வெளியில் பொருத்திய பாகத்துக்கு ஜீரோ டெப் செல்லுமா என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். முழு இழப்பில் கார் வாங்கிய பில் விலையைத் தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் நல்லதுதான், ஆனால் அது ஷோரூம் பில்லுக்குத்தான். பின்னால் போட்ட எதையும் தொடாது. காருக்குச் சேதமில்லாமல் டயர் மட்டும் கிழிந்தால் அடிப்படைப் பாலிசி தராது. லோ புரொஃபைல் டயர் போட்டவர்கள் டயர் கவரைத் தனியாகக் கேளுங்கள்.

இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி போன்ற ரேஸ் டிராக்குகளில் கார் ஓட்டும் நாளில் இந்தப் பாலிசியை நம்ப வேண்டாம். பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கில் பெயர் சொல்லி எழுதப்பட்டவை. ரேலி, ரிலையபிலிட்டி டிரயலுக்குத் தனி என்டார்ஸ்மென்ட் டாரிஃபிலேயே இருக்கிறது. நிகழ்ச்சிக்கு முன்னால் கேட்டுப் பாருங்கள்.

கிளைமில் ஷெட்யூலில் உள்ள பாகத்துக்கே குறைத்துக் கொடுத்தால், முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான வழக்கை எடுப்பார்கள். அங்கே மேஜையில் வைக்க வேண்டியவை பில், நம்பர் பிளேட்டோடு எடுத்த போட்டோ, ஷெட்யூலின் முதல் பக்கம்.