நாஸ்கா தட்டு எந்தச் சரிவில் அமிழ்கிறது? நிலநடுக்கத் தரவிலிருந்து நீங்களே வரைந்து பார்க்கும் முறை

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள், "கடல்தட்டு கண்டத்துக்கு அடியில் போகிறது என்று படம் போட்டிருக்கிறார்களே மாமா, அதை யார் போய்ப் பார்த்தார்கள்?" என்று கேட்டாள். யாரும் பார்க்கவில்லை, தட்டு இறங்கும்போது அதற்குள் உண்டாகும் நிலநடுக்கங்களே அதன் உருவத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் தென் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அடியில் இறங்கும் கடல்தட்டான நாஸ்கா தட்டுக்கு நாங்கள் இருவரும் வரைந்த படத்தின் செய்முறையை இங்கே எழுதுகிறேன்.

வரையும் முன்பு, இறங்கும் பொருள் எது என்று தெரிந்திருக்க வேண்டும். கடல்தட்டின் மேற்பகுதியில் வண்டல், அதன் கீழே பசால்ட், அதற்கும் கீழே கேப்ரோ என்று சுமார் 7 கிலோமீட்டர் தடிமனில் மேலோடு அமைந்திருக்கிறது. அதன் அடியில், ஆலிவின் கனிமம் மிகுந்த கவசப் பாறை (மேன்டில்) பல பத்து கிலோமீட்டருக்குத் தட்டின் பகுதியாகவே ஒட்டியிருக்கிறது. ஆலிவின் பாறை எப்படியிருக்கும் என்று அறியச் சேலத்துக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். ஏற்காடு மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டும் பகுதியில், வெள்ளை மேக்னசைட் நரம்புகள் ஓடும் கருமை கலந்த பச்சைப் பாறையான டியூனைட், பெரும்பகுதி ஆலிவினால் ஆனதுதான். அது நாஸ்கா தட்டின் துண்டு அன்று. ஆனால் கையில் எடுத்தவுடன் தெரியும் அதன் கனம், குளிர்ந்த தட்டு ஏன் அமிழ்கிறது என்பதை என் அக்கா மகளுக்கு என் விளக்கத்தைவிட நன்றாகப் புரியவைத்தது.

முதற்படி, தரவு. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் நிலநடுக்கப் பட்டியலில் அளவு 4.5-க்கு மேல், 1990 முதல் 2020 வரை என்று தேர்ந்தெடுங்கள். எல்லையாக வடக்கு −21, தெற்கு −24, மேற்கு −73, கிழக்கு −62 ஆகியவற்றைக் கொடுங்கள். இது வட சிலி. கோப்பை சி.எஸ்.வி. வடிவில் இறக்கி லிப்ரே ஆபிஸ் கால்க்கில் திறக்கலாம். ஜி.எம்.டி. போன்ற நிலப்பட மென்பொருள்கள் அழகான படம் தரும் என்றாலும், தொடக்கத்திலேயே அவற்றைக் கற்கப் புகுந்தால் கட்டளைகளிலேயே கவனம் போய்விடும் என்பதால் முதல் படத்துக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, தீர்க்கரேகையைத் தூரமாக மாற்றுவது. இந்த அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 103 கிலோமீட்டர். தட்டு கண்டத்துக்கு அடியில் நுழையும் இடத்தில் கடலடியில் உள்ள நீண்ட பள்ளமான அகழி, சுமார் −71.3-இல் இருக்கிறது. கடைசியில் காலியாக உள்ள நெடுவரிசையில் =(C2+71.3)*103 என்று எழுதிக் கீழே இழுத்தால், அகழியிலிருந்து கிழக்கே உள்ள தூரம் கிடைக்கும். ஆழம் D நெடுவரிசையில் உள்ளது.

மூன்றாவது படியில்தான் நான் முதல் முறை தவறினேன். எக்ஸ்-ஒய் ஸ்கேட்டர் படம் போட்டு, ஆழ அச்சை ரிவர்ஸ் டைரக்ஷன் மூலம் தலைகீழாக்கியதும் புள்ளிகள் சாய்வாக இறங்குவதைக் கண்ட மகிழ்ச்சியில், பாகைமானியை வைத்துச் சரிவை அளந்து, தட்டு மிகவும் தட்டையாக இறங்குகிறது என்று எழுதியும் வைத்துவிட்டேன். மென்பொருள் படத்தைத் திரைக்கேற்ப அகலமாக நீட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. உயரம் பாதியாக நசுங்கிய படத்தில் 30 பாகைச் சரிவு 16 பாகையாகத்தான் தெரியும். எனவே கிடை அச்சை −200 முதல் 1000 வரையும், ஆழ அச்சை 0 முதல் 700 வரையும் நிறுத்தி, படப்பகுதியின் அளவை 24 செ.மீ. அகலம், 14 செ.மீ. உயரம் என்று கையால் கொடுங்கள். இரு அச்சிலும் ஒரு மில்லிமீட்டர் 5 கிலோமீட்டரைக் குறிக்கும். இந்த அளவில் 8 கிலோமீட்டர் ஆழமான அகழி ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஏற்காட்டின் உயரம் பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிடும். கணினி இல்லாதவர்கள் இதே அளவில் கிராஃப் தாளில் புள்ளி வைக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் அளவு தவறாது.

10, 33 கிலோமீட்டர் ஆழங்களில் புள்ளிகள் நேர்கோடாக அடுக்கியிருந்தால் திகைக்க வேண்டாம். ஆழத்தைச் சரியாகக் கணிக்க இயலாத நிலநடுக்கங்களுக்குப் பட்டியலில் இடும் வழக்கமான மதிப்புகள் அவை, அவற்றை நீக்கிவிடுங்கள்.

இனிப் படத்தைப் படிக்கலாம். அகழியருகே மேலாகத் தொடங்கும் புள்ளிப்பட்டை கிழக்கு நோக்கி இறங்கும்; இத்தகைய பட்டைக்கு வடாட்டி–பெனியோஃப் மண்டலம் என்று பெயர். லிகன்காபுர் எரிமலை அகழியிலிருந்து சுமார் 350 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே ஒரு குறி வைத்து நேர்கீழே பாருங்கள். பட்டை 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்தில் இருக்கும். அமிழும் தட்டிலிருந்து வெளியேறும் நீர், மேலே உள்ள கவசப் பாறையின் உருகுநிலையைக் குறைப்பதால்தான் எரிமலை அங்கே எழுகிறது. சுமார் 300 முதல் 500 கிலோமீட்டர் வரை புள்ளிகள் அரிதாகி, அதற்குக் கீழே மீண்டும் தோன்றும். 1994 ஜூன் 9 அன்று, நம் எல்லைக்கு வடக்கே பொலிவியாவின் அடியில் 8.2 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் ஆழம் 630 கிலோமீட்டருக்கும் மேல். அதுவும் இதே தட்டில்தான்.

இந்தத் தட்டு கிழக்குப் பசிபிக் முகட்டில் பிறந்து, குளிர்ந்து, கனத்துக் கிழக்கே நகர்கிறது. கடல்தளத்தின் ஆழத்தை 2500 + 350 × √வயது என்று மீட்டரில் மதிப்பிடலாம். வயதை மில்லியன் ஆண்டுகளில் இட வேண்டும். வட சிலியை வந்தடையும் பகுதிக்கு 50 என்று இட்டால் ஏறக்குறைய 5,000 மீட்டர் வரும். நாஸ்கா தட்டே ஃபரலான் என்ற பெருந்தட்டு சுமார் 23 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பிளந்தபோது உருவானதுதானே, அதற்கு 50 மில்லியன் வயது எப்படி என்று கேட்கத் தோன்றும். தட்டின் பெயர்தான் புதிது. பாறை ஃபரலான் காலத்தது.

பின்சேர்க்கை: பெரு நாட்டுக்கு இதைச் செய்து பார்த்த வாசகர் ஒருவருக்குப் புள்ளிகள் பட்டையாகாமல் சிதறிவிட்டன. அங்கே அகழி வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து ஓடுவதால், தீர்க்கரேகையை மட்டும் தூரமாகக் கொள்ள முடியாது. அட்சரேகை எல்லையை ஒரு பாகையாகச் சுருக்கி, 71.3, 103 ஆகிய இரு எண்களையும் அந்த இடத்துக்கேற்ப மாற்றுங்கள். அவர் அப்படி மாற்றியதும், தட்டு சுமார் 100 கிலோமீட்டர் இறங்கிய பிறகு சில நூறு கிலோமீட்டர் வரை ஏறக்குறையக் கிடையாகவே ஓடுவது தெரிந்தது. அந்தப் பகுதிக்கு மேலே, நாம் லிகன்காபுருக்கு வைத்த குறியைப் போல ஒன்றை வைக்க, இன்று உயிர்ப்புள்ள எரிமலை எதுவும் இல்லை.