தங்குவதற்குத் தரங்கம்பாடியா, காரைக்காலா?

இரண்டுக்கும் நடுவே சுமார் 15 கிலோமீட்டர்தான். பஸ்ஸில் அரை மணி நேரம். கடலுக்காகவே போகிறீர்கள் என்றால் தரங்கம்பாடியில் தங்குங்கள். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, அலை அரித்துத் தின்றதுபோக மிஞ்சி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில், இரண்டுக்கும் எதிரே கிழக்கில் சூரியன். விடியலில் எழுந்து நடந்தே போய்விடலாம். பகலில் வருபவர்களுக்கு இது கிடைக்காது. ஆனால் சின்ன ஊர். இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

குழந்தைகள், பெரியவர்கள், திருநள்ளாறு தரிசனம் எல்லாம் சேர்ந்தால் காரைக்கால்தான் வசதி. ரயில் நிலையம் உண்டு, கடைத்தெரு உண்டு. ஆனி மாதம் மாங்கனித் திருவிழா நாளில் மட்டும் அறையை வெகு முன்னதாகப் பதிவு செய்யுங்கள். மாடியிலிருந்து எறியும் மாம்பழத்தைப் பிடிக்க ஊரே தெருவில் நிற்கும்.